எந்தப் பக்கம் உருட்டுவது என்று தெரிந்திருந்தும்

தம்பி,

உனக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை. பக்கத்து அறையில் தூளியில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். ஒரு கால் மட்டும் சேலைக்கு வெளியே தொங்குகிறது. ஆனால் நான் இதை எழுதுவது அந்தக் காலுக்குச் சொந்தக்காரனுக்கு இல்லை. படித்து முடித்து, முதல் வேலையில் சேர்ந்து, சுற்றி இருக்கிறவர்கள் எல்லாரும் விவரமானவர்கள், நான் மட்டும் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டேன் என்று ஒரு நாள் கூனிக்குறுகி உட்காரப் போகிற உனக்கு எழுதுகிறேன். அப்படி ஒரு நாள் உனக்கு வராமலே போகலாம். வராமல் இருந்தால் சந்தோஷம். ஆனால் நீ என் வயிற்றில் இருந்தவன். என் நெஞ்சு படபடத்த சத்தத்தை உள்ளே இருந்தே கேட்டிருக்கிறாய். அதனால் சொல்லி வைக்கிறேன்.

நாளை திங்கட்கிழமை, என் பிரசவ விடுப்பு முடிகிறது. ஜவ்வாது மலையில் நான் டாக்டராக இருந்த மாட்டாஸ்பத்திரிக்குக் காலையில் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால், மேசைமேல் தயாராக இருக்கிற இடமாற்ற விண்ணப்பத்தைத் திருப்பத்தூரில் கொடுத்துவிட்டு, அங்கே அலுவலகத்தில் காலியாக இருக்கிற நாற்காலியைக் கேட்க வேண்டும். அந்த நாற்காலிக்கு முன்னால் மாடு வந்து நிற்காது. கோப்பு மட்டும்தான் வரும். கோப்பு செத்துப்போகாது. உன் அப்பாவைக் கேட்டால், "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்" என்கிறார். எனக்கு வராத வேலையே அதுதான். எனக்குச் சரி என்று பட்டதை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை இது. ஒரு வருடத்தில் என் கைகள் எல்லாவற்றையும் மறந்திருக்கும், நாளை யாராவது ஒரு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம்.

இந்தப் பயம் எங்கே பிடித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். நம் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். உன் தாத்தா ஆலங்காயத்தில் லோடு ஆட்டோ ஓட்டினார். உன் ஆயா, அதாவது என் அம்மா, வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில் தைத்தார். கல்லூரியில் சேர முதல் தலைமுறை பட்டதாரி என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்காக உன் தாத்தாவோடு போய் நின்றேன். அந்த அதிகாரி அவரிடம் கேட்டார்: "உங்க அப்பா, அம்மா, நீங்க, உங்க வூட்டம்மா, மூத்த புள்ளைங்க, ஒருத்தர் கூடவா காலேஜ் பக்கம் போவல?" "இல்லைங்க சார்." "நல்லா யோசிச்சி சொல்லுப்பா." "இதுல யோசிக்கறதுக்கு இன்னா சார் கீது? போயிருந்தா தெரியாதா?" எல்லாரும் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டில் இதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்ததுபோல இருந்தது. அதைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டுதான் கல்லூரிக்குள் நுழைந்தேன்.

அங்கே முதல் வருடம் முழுக்க மற்றவர்கள் சிரித்த பிறகு சிரித்தேன். அவர்கள் எழுதிய பிறகு எழுதினேன். பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ டாக்டராக இருந்தார். பாடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டுக்கு ஒரு போன். எனக்கும் வீட்டிலிருந்து போன் வரும். "மனுச டாக்டரா மாட்டு டாக்டரான்னு கேக்கறாங்க, இன்னான்னு சொல்றது?" என்பார் உன் தாத்தா. தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் கேள்வித்தாள் சுலபம் என்பேன். குறைந்தால் மட்டும் அது என்னுடைய மதிப்பெண் என்று நம்புவேன். இதற்கு இப்போது இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று ஒரு பெயர் வந்திருக்கிறது. போனைத் திறந்தால் யாராவது அதைப் பற்றிப் பேசுகிறார்கள். கெட்டிக்காரர்களுக்குத்தான் தாங்கள் போலி என்று தோன்றுமாம். கேட்டபோது எனக்குக் கொஞ்சமும் ஆறுதலாக இல்லை. அவர்களுக்கு அந்த நோய் இருக்கிறது, எனக்கு இல்லை, நான் உண்மையாகவே போலிதான் என்று நினைத்தேன். இந்தப் பயத்தின் சாமர்த்தியத்தைப் பார். மருந்து கொடுத்தால் அதையும் தின்று கொழுக்கிறது.

மலைக்கு வேலைக்குப் போனபோது நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் ஆஸ்பத்திரியிலும் சரி, சுற்றியுள்ள ஊர்களிலும் சரி, என் போனுக்கு டவர் கிடைக்காது. சாலை ஓரத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் கிடைக்கும். மாட்டைப் பார்ப்பேன். என்ன நோய், என்ன மருந்து என்று தெரிந்துவிடும். உடனே, "கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் அந்தப் பாறைக்குப் போய், ஏறி, திருப்பத்தூரில் இருக்கும் என் சீனியர் சாருக்குப் போன் செய்வேன். அவர் பெரும்பாலும் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். "நீ இன்னா நெனைக்கற?" என்பார். நான் நினைப்பதைச் சொல்வேன். "அதான்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு இறங்கி வருவேன். அதன் பிறகுதான் என் கை ஊசியை எடுக்கும். இப்படி எத்தனையோ மாடு, எத்தனையோ ஆடு.

மலை ஜனங்கள் விதைக்கப் போனாலும் பெண் பார்க்கப் போனாலும் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். புதிதாக வந்த டாக்டரம்மா வைத்தியத்துக்கு முன்னால் ஓடிப்போய்ப் பாறையில் ஏறி நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டார்கள். எனக்கு இது தெரியவே தெரியாது. ஒரு நாள் சந்தையில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது: "முன்ன இருந்த டாக்டர் எடுத்த எடுப்புல ஊசி போட்டுடுவாரு. இந்தப் பொண்ணு அப்படி இல்ல. சாமியக் கேக்காம மாட்டத் தொடாது." என் காது மடல் சுட்டது. ஊர் என்னை நம்ப ஆரம்பித்திருந்தது. எதை நம்புகிறது? என் படிப்பை இல்லை. நான் எதை நினைத்து வெட்கப்பட்டேனோ, அந்த ஓட்டத்தை. அன்றே நின்று, "அம்மா, அது போன்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நம்பிக்கை குறைந்துவிடுமோ என்று பயம். அன்றிலிருந்து பாறையில் போனைக் காதில் வைக்கும்போது கூடக் கொஞ்சம் திரும்பி, முதுகைக் காட்டி நின்றேன். எப்போது மறைக்க ஆரம்பித்தேனோ, அப்போது பயம் இரண்டாகிவிட்டது.

நீ அப்போது வயிற்றில் ஐந்து மாதம். மேலே ஒரு சின்ன ஊரிலிருந்து காளியப்பன் என்பவர் பைக்கில் வந்து நின்றார். "நேத்துல இருந்து முக்கினே கீது மேடம். பனிக்குடம் கூட ஒடையல. மூணாவது ஈத்து, இதுக்கு முன்ன இப்படி ஆனதே இல்ல." போனேன். நடுப்பகல் வெயில். மாடு வாசலில் நின்றுகொண்டிருந்தது, கண் உள்ளே போயிருந்தது. காளியப்பன் மனைவி சின்னப்பொண்ணு அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர்களுக்கு இருக்கிற ஒரே மாடு. கையைக் கழுவி, எண்ணெய் தடவி உள்ளே விட்டேன். கை நேராகப் போகவில்லை. ஈரத்துணியைப் பிழிந்தால் விழுமே, அப்படி மடிப்பு மடிப்பாக, வலப்பக்கம் சுழன்றுகொண்டு போயிற்று. கருப்பை திருகிக்கொண்டிருந்தது. கன்று வெளியே வர வழி இல்லை. விட்டால் மாடும் போய்விடும்.

இதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். மாட்டை வலப்பக்கமாகப் படுக்க வைத்து, கால்களைக் கட்டி, வயிற்றின்மேல் நீளப் பலகை ஒன்றைச் சாய்த்து அதில் ஒரு ஆள் ஏறி நிற்க வேண்டும். பலகையின் பாரம் கருப்பையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு எந்தப் பக்கம் திருகியிருக்கிறதோ அதே பக்கமாக மாட்டின் உடம்பை வேகமாக உருட்ட வேண்டும். உடம்பு சுற்றிப்போய்க் கருப்பையை எட்டிப் பிடிக்கும், முறுக்கு விடும். மாற்றி உருட்டினால் முறுக்கு இன்னும் இறுகும். அதைத்தான் சொன்னேன். பலகை வந்தது, கயிறு வந்தது, ஆட்கள் வந்தார்கள். சின்னப்பொண்ணின் அண்ணன் கோவிந்தனும் வந்தார்.

"இன்னா மேடம் சொல்றீங்க? கவுறு சோத்தாங்கை பக்கம் முறுக்கிக்கினா பீச்சாங்கை பக்கம்தான பிரிக்கணும்? நீங்க இன்னும் முறுக்கச் சொல்றீங்களே!"

கூடியிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நொடியில் புத்தகத்தின் பக்கமே கண் முன்னால் வந்தது. படம் கூட ஞாபகம் இருந்தது. ஆனால் ஒருவேளை படத்தைத் தலைகீழாக ஞாபகம் வைத்திருந்தால்? மாட்டுக்கு முன்னால் நின்று பார்த்தால் வலம் இடமாகிவிடுமே, நான் எங்கே நின்று பார்க்கிறேன்? என் கை எந்தக் கை? காளியப்பன் மெதுவாகச் சொன்னார்: "நீங்க பாறைக்குப் போய்ட்டு வந்துருங்க மேடம். நாங்க மாட்டப் புடிச்சிக்கினு இருக்கறோம்." மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

நான் நடக்க ஆரம்பித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், தெருமுனை வரை போய்விட்டேன். கையில் பிசுபிசுப்பு காயவில்லை. பாறைக்குப் போய்த் திரும்பினால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த மாட்டுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அப்போதுதான் சார் என்ன கேட்பார் என்பது காதில் கேட்டது. நீ இன்னா நெனைக்கற? வலப்பக்கம் சார் என்பேன். அதான் என்பார். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு உயிரை நிற்க வைத்துவிட்டுப் போகிறேன். நீ உள்ளே ஒரு முறை புரண்டாய். எனக்கு அது தைரியம் தரவில்லை தம்பி, கதையில் வருவதுபோல எதுவும் நடக்கவில்லை. என் வயிறும் திருகிக்கொண்டால் யார் வந்து உருட்டுவார்கள் என்றுதான் தோன்றியது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

"அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார் சின்னப்பொண்ணு.

"போகல. படுக்க வைங்க. வலப்பக்கம்."

முதல் தடவை உருட்டினார்கள். கையை விட்டுப் பார்த்தேன். மடிப்பு அப்படியே இருந்தது. "நான் அப்பவே சொன்னன்" என்றார் கோவிந்தன். "இன்னொரு தரம். அதே பக்கம்" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. மறுபடியும் உருட்டினார்கள். கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. இல்லை, நானே அப்படி நினைத்துக்கொள்கிறேன் என்றும் இருந்தது. கோவிந்தன் இந்த முறை என் முகத்தையே பார்த்தார், அது இன்னும் மோசம். "அதே பக்கம்" என்றேன். மூன்றாவது தடவை பாதி உருளும்போதே சளக்கென்று தண்ணீர் பீறிட்டு என் செருப்பு வரை நனைந்தது. கை நேராக, தடையில்லாமல், முழங்கை வரை போயிற்று. அங்கே கன்றின் கால் இருந்தது.

கன்று செத்துத்தான் பிறந்தது. மாடு பிழைத்துக்கொண்டது, வெயில் தாழ்வதற்குள் எழுந்து நின்று கஞ்சி குடித்தது. நான் கன்றைப் பார்ப்பதற்குள் சின்னப்பொண்ணு ஒரு சாக்கை இழுத்து அதன்மேல் போட்டு, குறுக்கே நின்றுகொண்டார். "மாசமா இருக்கறவங்க பாக்கக் கூடாது. அந்தப் பக்கம் திரும்புங்க." அவருடைய ஒரே மாட்டின் கன்று அது. அவர் என்னை மறைத்துக்கொண்டு நின்றார். காளியப்பன் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "பாறைக்குப் போயிருந்தா கன்னும் பொழச்சிருக்குமா மேடம்?" அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கன்று நான் வருவதற்கு வெகு நேரம் முன்பே இறந்துவிட்டது, வெளியே எடுக்கும்போது என் கைக்கே அது தெரிந்தது. அதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாறையில நான் சாமியக் கேக்கறதில்லைங்க. திருப்பத்தூர்ல ஒரு சார் இருக்காரு, அவருக்குப் போன் பண்ணுவேன். எனக்குத் தெரிஞ்சதையே அவர்கிட்ட கேட்டுக்குவேன். பயந்துக்கினு" என்று சொல்லிவிட்டேன்.

சின்னப்பொண்ணுதான் கேட்டார், "அப்ப இன்னைக்கி யாருகிட்ட கேட்டீங்க?"

"யாருகிட்டயும் கேக்கல."

"அதான் மூஞ்சி அப்படி வெளுத்துப் போய்க் கெடந்துச்சா? நான் மசக்கைன்னு இல்ல நெனச்சேன்!"

"சாமியக் கேட்டா மட்டும்?" என்றார் கோவிந்தன், பலகையைத் தூக்கிக்கொண்டே. "நம்ம சாமி தப்பாவும் சொல்லும் மேடம். என் கல்யாணத்துக்கே சரின்னுதான் சொல்லிச்சி." காளியப்பன் கூடச் சிரித்துவிட்டார்.

அன்று இறங்கும்போது பாறையில் ஏறி சாருக்கு நடந்ததைச் சொன்னேன். "எந்தப் பக்கம் உருட்டின?" என்றார். சொன்னேன். "சார்?" "இரு, இரு. கையத் திருப்பிப் பாத்துக்கறேன்" என்றார். அத்தனை வருட அனுபவம் உள்ள மனிதர், சாப்பாட்டுக் கையைக் காற்றில் திருகிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஆங், அதான்" என்றார் கடைசியில். "எனக்கு இது எப்பவுமே கொழப்பும்மா." அவர் எல்லாவற்றையும் நெஞ்சில் எழுதி வைத்திருக்கிறார் என்று நம்பித்தான் அவ்வளவு நாளும் பாறை ஏறியிருக்கிறேன்.

இதோடு பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். நீ பிறந்த அன்று நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. யாரோ தப்பாகக் கொடுத்துவிட்டார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் உண்மையான அம்மா வந்து வாங்கிக்கொள்வாள் என்று தோன்றியது. எத்தனையோ கன்றுகளைக் கையில் ஏந்தியவள், உன் கழுத்தைப் பிடிக்கத் தெரியாமல் வியர்த்துப்போனேன். நீ அழுதால் உன் ஆயா வந்து தூக்கியதும் நிறுத்திவிடுவாய். பார், இவனுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைப்பேன். பால் குடிக்கிற பிள்ளை என்னைப் பரீட்சை வைத்துப் பார்க்கிறான் என்று பயந்தவள் உன் அம்மா.

அதனால் உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நீ ஆண்பிள்ளை, பயப்படாதே என்று உனக்கு எல்லாரும் சொல்வார்கள். பயத்தை மறைத்துக்கொள் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மறைக்காதே. மறைத்ததால் நான் பட்டதைச் சொன்னேன். தெரியாததைக் கேட்பதற்கு எந்தப் பாறையிலும் ஏறு, யார் காலையும் பிடி, அதில் வெட்கமே இல்லை. நாளைக்கும் தெரியாத ஒன்று வந்தால் நானும் ஏறுவேன். ஆனால் தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றினால், நீ தேடுவது பதிலை இல்லை, தப்பாகப் போனால் பழியில் பங்கு எடுத்துக்கொள்ள ஒரு ஆளை என்று தெரிந்துகொள். அந்த ஆள் கிடைக்கமாட்டார். இன்னொன்று, இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்றாவது முறை கையை உள்ளே விட்டபோது நான் யார், எந்த வீட்டுப் பெண், இந்த வேலைக்கு லாயக்கா என்ற நினைப்பு ஒன்றுகூட இல்லை. மடிப்பு இருக்கிறதா, விட்டதா, அது மட்டும்தான் இருந்தது. என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாட்டைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கிடைக்கிற சில நிமிடங்களை வைத்துத்தான் மிச்ச நாளை ஓட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இதுவரை அவ்வளவுதான் தெரியும்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். போன் அடித்தது. சின்னப்பொண்ணு, சந்தைக்கு ஆலங்காயம் வந்த இடத்திலிருந்து பேசினார். பின்னால் பஸ் சத்தம். "மேடம், எங்க நாத்தனா வூட்டு மாடு ரெண்டு நாளா தீனி எடுக்கல." "சாணி போடுதா?" என்றேன். "கொஞ்சமா, கெட்டியா." "அசை போடுதா? காது சில்லுன்னு இருக்குதா? இடப்பக்க வயிறு உப்பியிருக்கா? புதுசா ஏதாச்சும் தின்னுச்சா?" கேட்டுக்கொண்டே போனேன். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். தண்ணீர் மட்டும் காட்டச் சொன்னேன். காலையில் பார்த்து மருந்து கொடுக்கலாம் என்றேன்.

"காலைல நீங்க வர்றீங்களா, வேற யாராச்சும் வர்றாங்களா?"

"நான்தான் வர்றேன்."

போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. அந்த விண்ணப்பத்தை இன்னும் கிழிக்கவில்லை. அந்தத் தைரியம் எனக்கு இல்லை. நாளை காலை அதைப் பையில் எடுத்து வைக்கமாட்டேன், அவ்வளவுதான்.

நீ விழித்துவிட்டாய். அழுகிறாய். பசியா, ஈரமா, வேறு ஏதாவது பயமா, சத்தத்தை வைத்துச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. வந்து பார்க்கிறேன்.

அம்மா